வானம் பளிச்சுனுதானே இருக்கு?

எரிமலைச் சாம்பலுக்காக விமானத்தை நிறுத்தினால் போதும், "வானம் பளிச்சுனு இருக்கே, எதுக்கு இந்தப் பயம்?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அது அடுப்புச் சாம்பல் இல்லை சாமி, கண்ணாடியும் பாறையும் கலந்த தூள். சுமார் 1,100 டிகிரியில் உருகும். ஜெட் இன்ஜினின் எரியறை அதைவிடச் சூடு. உருகியது, அடுத்து சூடான வாயுவால் சுழலும் டர்பைனின் முகப்பில் அப்பிக்கொண்டு காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். 1982-இல் ஜாவாவின் கலுங்குங் எரிமலை அருகே ஒரு ஜம்போ விமானத்தின் நாலு இன்ஜினும் அணைந்தன. 37,000 அடியிலிருந்து சறுக்கி இறங்கும்போது, அப்பியிருந்தது குளிர்ந்து உதிர்ந்ததால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆனது. வானிலை ரேடார் மழைத்துளியைப் பிடிக்கும்; இந்தப் பொடி அதில் சிக்காது. ராத்திரியில் கண்ணுக்கும் தெரியாது.

2010-இல் ஐஸ்லாந்து எரிமலையின் துளிச் சாம்பலுக்கும் ஐரோப்பா வான்வழியை மூடியது கொஞ்சம் ஓவர்தான், மறுக்கவில்லை. அப்புறம்தானே கன மீட்டர் காற்றில் சாம்பல் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று வரம்பே வந்தது?