பச்சை என்றாலே குப்பை அல்ல
"விண்வெளியில் பச்சை நிறமே இல்லை, படத்தில் கண்டால் முழுவதுமாக நீக்கிவிடுங்கள்" என்று, வானத்தைப் பிடித்த படங்களைக் கணினியில் மெருகேற்றுவது பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பது பாதிதான் சரி. விண்மீன்கள் பச்சையாகத் தெரிவதில்லை. வண்ணக் கேமராவின் சென்சாரில் நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை என்பதால், சமன் செய்யாத படத்தில் பச்சைச் சாயல் ஏறுவதும் உண்மை. ஆனால் வால்நட்சத்திரத்தை என்ன செய்வது? 2023 தொடக்கத்தில் பூமியை நெருங்கிய சி/2022 இ3 என்ற வால்நட்சத்திரம் பச்சையாக ஒளிர்ந்தது, ஈரணுக் கார்பனால் (இரண்டு கார்பன் அணுக்கள் இணைந்த மூலக்கூறு). எம்27 போன்ற கோள்வடிவ நெபுலாக்களில் (இறக்கும் விண்மீன் உதறிய வாயு மேகங்கள்) அயனியான ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில், அதாவது நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் ஒளிர்கிறது. பச்சையை ஒட்டுமொத்தமாக வெட்டினால் அந்த மயில்கழுத்து நிறம் செத்த நீலமாகிவிடும். பினாங்கில் எங்களுக்கு வேறு தொல்லை. மலைக்கு அப்பால் பாலிக் புலாவ் பக்கம் போனாலும் ஜார்ஜ்டவுன் நகர வெளிச்சம் வானத்தின் ஓரத்தில் கறை பூசிவிடும். முதலில் அந்தப் பின்னணிச் சாய்வை (ஓரத்திலிருந்து படிப்படியாக மாறும் வெளிச்சத்தை) நீக்கி, விண்மீன்களை வைத்து வண்ணத்தைச் சமன் செய்து, பிறகே நெபுலாவை மாஸ்க்கால் (மாற்றம் படாமல் காக்கும் மறைப்பால்) மறைத்துவிட்டு எஞ்சிய பச்சையில் கை வைக்கிறேன். ஹப்பிள் வண்ணமுறையில் (கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளிகளுக்கு முறையே சிவப்பு, பச்சை, நீலம் தரும் முறை) பச்சையை என்ன செய்வது என்று கேட்ட நண்பருக்கு: அங்கே பச்சை நாம் ஹைட்ரஜனுக்குக் கொடுத்த நிறம்தான், தாராளமாகப் பொன்னிறத்துக்கு நகர்த்துங்கள். விண்மீன்கள் மெஜந்தாவாக (பச்சைக்கு எதிர்நிறமான இளஞ்சிவப்பு ஊதா) மாறியிருந்தால் படத்தின் வண்ணங்களை எதிர்மறையாக்கி, அங்கே பச்சையை நீக்கி, மறுபடி திருப்பினால் போதும்.