லவிங் கவுண்டி வருமானம்: அது வீடு வீடாகக் கேட்ட கணக்கு இல்லை
"டெக்சாஸ் லவிங் கவுண்டியில் சென்சஸ்காரர்கள் வீடு வீடாகக் கேட்டு எடுத்த இடைநிலை வருமானம் ஒரே வருடத்தில் சரிந்துவிட்டது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார் (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி; இடைநிலை என்றால் வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்). அது தவறு. 2010, 2020 சென்சஸ் படிவங்களில் வருமானக் கேள்வியே கிடையாது. அந்த எண், சில வீடுகளை மட்டும் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வரும் மதிப்பீடு. இவ்வளவு சிறிய கவுண்டிக்கு ஐந்தாண்டுப் பதில்களைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள். 2020-இல் அங்கே இருந்தவர்கள் மொத்தமே 64 பேர்! மாதிரியில் நாலைந்து வீடு மாறினாலே இடைநிலை எங்கோ போய்விடும். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பிழை வரம்பு (மதிப்பீடு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது) போட்டிருக்கிறது, தயவுசெய்து அதையும் பாருங்கள். அப்புறம், 2018–2022, 2019–2023 என்ற இரண்டு ஐந்தாண்டு மதிப்பீடுகளுக்கும் நான்கு ஆண்டுகள் பொது. அவற்றைக் கழித்து 'சரிவு' என்று சொல்ல முடியாது. ஓராண்டு எண்தான் வேண்டுமென்றால், வருமானவரிப் பதிவுகளையும் கலந்து சென்சஸ் துறை கணிக்கும் சிறுபகுதி மதிப்பீட்டை எடுங்கள். அதற்கும் பிழை வரம்பு உண்டு.