வெள்ளி சேபருக்கு எதுக்கு இவ்வளவு அழுக்கு?

ரொம்ப நாளா மனசுல கெடக்கிற விஷயம், இன்னிக்கி எழுதிடுறேன். மாடல் பிளேன் கட்டுற நம்ம ஆளுங்க போடுற போட்டோவெல்லாம் ஒண்ணு விடாம பார்க்கிறவன் நான், கைவேலை அபாரம், அதுல குறையே சொல்ல மாட்டேன், ஆனா எந்த பிளேனா இருந்தாலும் ஒரே அழுக்கு. பேனல் லைன், அதாவது தகடும் தகடும் சேர்ற கோடு, எல்லாத்துலயும் கறுப்பு வாஷ் (தண்ணி மாதிரி கரைச்ச பெயிண்ட்), பின்னாடி கரி, ரெக்கை மேல எண்ணெய் வழிஞ்ச கோடு. போன மாசம் ஒருத்தர் சேபர் கட்டிப் போட்டிருந்தார், பட்டர்வொர்த் பேஸ்ல நின்ன நம்ம மலேசிய ஏர்ஃபோர்ஸோட பழைய சண்டை ஜெட், வெள்ளி உடம்பு பூரா கறுப்புக் கட்டம். அப்பாகிட்ட ஃபோனைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது எங்கடா இத்தனை நாளா கெடந்துச்சு?"ன்னு கேட்டார்.

அப்பா அந்த பேஸ்ல சிவிலியன் வேலை பார்த்தவர், ஹாங்கர் கூட்டறது, கழுவறது. அப்ப அது ஆஸ்திரேலியாக்காரங்க நடத்தின பேஸ், 1988ல தான் நம்ம கைக்கு வந்துச்சு. அவர் சொல்றது இதுதான்: கடல் பக்கத்துலயே இருக்கு, உப்புக் காத்து, விட்டா அலுமினியத்தை அரிச்சிடும், அதனால கழுவிக்கிட்டே இருப்பாங்க. வெயில் ஏறின பிறகு வரிசையா நிக்கிற பிளேனை நேரா பார்க்க முடியாதாம், கண்ணு கூசுமாம். நம்ம நாட்டுக்கு ஆஸ்திரேலியா 1969லேர்ந்து 1971க்குள்ள 16 சேபர் குடுத்துச்சு, வாலுக்குப் பக்கத்துல நீலச் சதுரம், அதுக்குள்ள மஞ்சள் நட்சத்திரம், அதை முதல் தடவை பார்த்தப்ப "நம்மளுது"ன்னு தோணுச்சுன்னு இப்பவும் சொல்லுவார். 1975ல எஃப்-5 ஜெட் வந்ததும் சேபர் காலம் முடிஞ்சுடுச்சு.

அவருக்காகத்தான் இந்த வருசம் ஒண்ணு கட்ட ஆரம்பிச்சேன், 48ல் ஒரு பங்கு அளவு. கடையில ஈசியா கிடைக்கிறது அமெரிக்க சேபர் கிட், எஃப்-86எஃப். ஆனா பட்டர்வொர்த்துல நின்னது ஆஸ்திரேலியாவுலயே கட்டின சிஏ-27. அவங்க அமெரிக்க இன்ஜினைத் தூக்கிட்டு ரோல்ஸ்-ராய்ஸ் ஏவான் வச்சாங்க, அதுக்குக் காத்து அதிகம் வேணும், அதனால மூக்கு வாயை 25 சதவீதம் பெருசாக்கி, உடம்புல பாதிக்கு மேலயே மாத்திட்டாங்க. துப்பாக்கியும் வேற, ஆறு சின்னதுக்குப் பதிலா ரெண்டு 30 மில்லிமீட்டர் ஏடன். கிட்டை அப்படியே ஒட்டி நட்சத்திரத்தை மட்டும் ஒட்டினா அது நம்ம பிளேன் இல்ல, அப்பா கண்ணு கண்டுபிடிச்சிடும்.

அதனால முன்பக்கத்தைக் குறுக்கா இல்ல, நீளவாக்குல மேல் பாதி கீழ் பாதியா அறுத்தேன். மெல்லிசான ரம்பம், ஒரு தடவை இழுக்கிறதுக்கு ஒரு தடவை மூச்சு பிடிக்கணும். நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட், காக்பிட் பக்கம் போகப் போக ஒண்ணுமில்லாம தேயற மாதிரி ஆப்பு வடிவத்துல சீவி உள்ள விட்டேன். ரெண்டு மில்லிமீட்டர்தான், ஆனா அந்த வாய் திறந்துக்கிட்டதும் முகமே மாறிடுச்சு, அப்பா தூரத்துலேர்ந்து பார்த்துட்டு "ஆங், இதான்"னார். அப்புறம் புட்டி, சாண்ட்பேப்பர் 400, 800, 1500, திரும்ப புட்டி, திரும்ப சாண்ட்பேப்பர். வெள்ளிப் பெயிண்ட்டுக்கு அடியில ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். மூக்குல மீன் தூண்டிலுக்குப் போடுற ஈயக்குண்டு நாலு அடைச்சேன், இல்லாட்டி மூணு சக்கரத்துல நிக்காது, வாலைக் குத்திக்கிட்டு உக்காந்துடும்.

பெயிண்ட்தான் பாடுபடுத்திருச்சு. முதல்ல பளபளப்பான கறுப்பு அடிக்கணும், அதுக்கு மேலதான் மெட்டல் லாக்கர்ங்கிற வெள்ளிப் பெயிண்ட் மின்னும். மழை பெஞ்சு ஓய்ஞ்ச ஒரு சாயங்காலம் அவசரப்பட்டு அடிச்சேன், கறுப்பு பூராவும் சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப் போச்சு. தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளுந்துடுது, நம்ம ஊர் காத்துல இருக்கிற ஈரம் அப்படியே அதுல படிஞ்சிடுது, அதான் காரணம். மெதுவா காயற தின்னர் கலந்து, ரெண்டு மணி நேரம் ஏர்கான் போட்டு வச்ச ரூம்ல திரும்ப அடிச்சேன், கண்ணாடி மாதிரி வந்துச்சு. பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் இருக்கிறவங்க இதை மட்டும் மறந்துடாதீங்க.

இப்ப அழுக்கு விஷயத்துக்கு வரேன். சுத்தமான பிளேன்னா ஒரே வெள்ளின்னு நினைக்க வேணாம். ஒவ்வொரு தகடும் வெயிலை ஒவ்வொரு மாதிரி வாங்கும், ஒண்ணு வெளுத்திருக்கும், பக்கத்துல இருக்கிறது கொஞ்சம் மங்கலா இருக்கும், வால் பக்கம் சூட்டுல தேன் கலர், நீலம்னு ஓடியிருக்கும். துப்பாக்கி வாய்கிட்ட கொஞ்சம் புகை. நான் நாலு வெள்ளி ஷேடு கலந்து தகடு தகடா டேப் ஒட்டி அடிச்சேன், பேனல் லைன்ல கறுப்பு தொடவே இல்ல, லேசான சாம்பல் மட்டும். ரெண்டு வாரம் ஆச்சு, கறுப்பு வாஷ் விட்டிருந்தா அரைமணி நேர வேலை. ஆனா சன்னல் பக்கம் கொண்டு போய் திருப்பினா ஒவ்வொரு தகடா வெளிச்சம் மாறுது பாருங்க, அந்த சந்தோசத்துக்கு ஈடே இல்ல.

அழுக்கே கூடாதுன்னு நான் சொல்லல. 1941 டிசம்பர்ல மலாயாவுல ஜப்பான்காரனை எதிர்த்துப் பறந்த பஃபலோ சண்டை பிளேன் கட்டுறீங்களா, தாராளமா சேறு பூசுங்க, எண்ணெய் வழியட்டும், பெயிண்ட் உரிஞ்சிருக்கட்டும். அந்த மாசம் 11ஆம் தேதி ஜார்ஜ்டவுன்ல குண்டு போட்டப்ப ஜனங்க தெருவுல நின்னு ஆகாயத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க, எத்தனை பேர் செத்தாங்க, அந்த நேரத்து பிளேனை யார் துடைச்சுக்கிட்டு இருந்திருப்பா. அந்தந்த பிளேன் எங்க நின்னுச்சு, யார் கையில இருந்துச்சுன்னு பார்த்துட்டு பிரஷ்ஷை எடுங்க, அடுத்தவர் கட்டின மாடலைப் பார்த்துப் பூசாதீங்க. பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருத்தர் அதைக் கையால தொட்டவரா இருக்கலாம்.

என் சேபர்ல இன்னும் நட்சத்திரம் ஒட்டல. ஸ்டிக்கரா அச்சடிக்கலாம்னா வீட்டு பிரிண்டர்ல வெள்ளை வராது, மஞ்சள் அடியில வெள்ளை இல்லாட்டி வெள்ளி மேல மங்கிப் போகுது, அதனால மாஸ்க் (நட்சத்திர வடிவத்துல ஓட்டை வெட்டின ஒட்டுத் தாள்) வெட்டி பெயிண்ட்லயே அடிக்கப் போறேன். பிரச்சினை அந்த நீலம் எவ்வளவு வெளிர்ங்கிறதுதான், அப்பா "பள்ளிக்கூட சட்டை கலர்"ங்கிறார், எந்த வருசத்து சட்டைன்னு கேட்டா யோசிக்கிறார். 1969லேர்ந்து 75 வரைக்கும் பட்டர்வொர்த் பேஸ்ல வேலை பார்த்த தாத்தா, அப்பா, மாமா யாராவது வீட்டுல இருந்தா, பேஸை ஜனங்களுக்குத் திறந்து விடுற ஓப்பன் டேல எடுத்த கலர் போட்டோ ஆல்பத்துல இருந்தா, ஓரத்துல பிளேன் வால் மட்டும் தெரிஞ்சாலும் பரவால்ல, கொஞ்சம் அனுப்புங்க.