சபையே ராஜ்யம் அல்ல

"சபை வளர்ந்தால் தேவனுடைய ராஜ்யம் வளர்ந்த மாதிரி" என்று மேடையில் சொல்லிச் சொல்லி, இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நம்பியே விட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

நான்கு சுவிசேஷங்களிலும் தேடிப் பாருங்கள். சபையைக் குறிக்கும் எக்லேசியா என்ற கிரேக்கச் சொல் மத்தேயுவில் மட்டும், அதுவும் 16:18, 18:17 என்று இரண்டே வசனங்களில் வருகிறது. ராஜ்யமோ பக்கத்துக்குப் பக்கம். இயேசு பிரசங்கத்தைத் தொடங்கியது அதை வைத்துத்தான் (மாற்கு 1:15). உயிர்த்தெழுந்த பிறகு 40 நாள் பேசியதும் அதையே (அப். 1:3).

குழப்பத்தில் பாதி மொழிபெயர்ப்பால் வந்தது. ராஜ்யம் என்று நாம் மொழிபெயர்க்கும் பசிலேயா என்ற கிரேக்கச் சொல்லுக்கு முதல் பொருள் ஆளுகை. ஆளப்படும் இடம் அப்புறம்தான். நமக்கோ 'ராஜ்யம்' என்றதும் எல்லை போட்ட நாடு, 'பரலோக ராஜ்யம்' என்றதும் செத்தபின் போகிற ஊர். 1995 பொது மொழிபெயர்ப்பில் உள்ள 'இறையாட்சி' மூலத்துக்கு இன்னும் நெருக்கம் (பழைய திருப்புதலான வேதாகம மொழிபெயர்ப்பின் பிரியர்கள் கோபிக்க வேண்டாம், நானும் அதைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறேன்). தினமும் ஜெபிப்பது "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று. நாங்கள் அங்கே போவதாக என்றல்ல.

அப்படியானால் சபை எதற்கு? தேவன் ஆண்டால் மனிதர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை ஊர் பார்க்க வாழ்ந்து காட்டத்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுங்கள். எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீட்டில் (பந்தி விசாரணை) கிரேக்கு பேசிய விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதை அடக்கவில்லை. சபையைக் கூட்டி, 7 பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருக்குச் சோறு கிடைக்கவில்லையோ அந்தத் தரப்பிடமே அகப்பையைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். நம் கமிட்டித் தேர்தல்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

பணத்திலும் இதே ஒழுங்குதான். எருசலேமின் ஏழைகளுக்குத் திரட்டிய காணிக்கையைப் பவுல் தன் பொறுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனும் கூடப் போகிறார், யாரும் குறை சொல்ல இடம் வரக்கூடாது என்பதற்காக (2 கொரி. 8:19-21). அந்தச் சகோதரனின் வேலையை இன்று தணிக்கை என்கிறோம்.

கெட்டுப்போன இடம் கிரேக்க நகரமான கொரிந்தின் சபை. பிரச்சினை உபதேசத்தில் அல்ல, சாப்பாட்டில். முந்திக்கொண்டவன் தின்று குடித்து வெறித்திருந்தான், இல்லாதவன் பசியோடு நின்றான். இது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார் பவுல். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் சாதிக்கொரு பக்கமாக, நடுவில் சுவர் வைத்து ஆலயம் எழுந்ததே, அதுவும் கொரிந்துதான். அங்கே பலிபீடம் இருந்தது, ஜனம் இருந்தது, பாட்டும் இருந்தது. ராஜ்யம் இருந்ததா?

பவுல் சொன்ன மருந்து ஒரே வரி: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் (1 கொரி. 11:33). அடுத்த முறை நெல்லைப் பக்கம் அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) போனால் முதல் பந்தியில் உட்காராதீர்கள். கடைசிப் பந்தி வரை நின்று, அந்த இலையில் கறி விழுகிறதா, வெறும் குழம்புதானா என்று பாருங்கள்.