ஜிஎஸ்டி எண் போட்டால் விமான டிக்கெட் பாதி விலையா?

"யாருடைய ஜிஎஸ்டி எண்ணையாவது போடுங்க, கம்பெனிக்காரர்களுக்கான பாதி விலை டிக்கெட் கிடைக்கும்" என்றொரு செய்தி நாகர்கோவில், மார்த்தாண்டம் வாட்ஸாப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

ஜிஎஸ்டி எண் போட்டு எடுக்கும் தனிக் கட்டணம் சில விமான நிறுவனங்களில் இருப்பது உண்மைதான். ஆனால் அது பாதி விலை இல்லை; சில நாள் சாதாரண டிக்கெட்டைவிடக் கூடவும் இருக்கும். தொழில் விஷயமாகப் பறப்பவர் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுப்பார், கூட்டம் நீண்டால் தேதியை மாற்றுவார். அவரைப் பிடிக்கத்தான் போட்டி. அதனால் தேதி மாற்றக் குறைந்த கட்டணம், சாப்பாடு, விருப்பமான இருக்கை, காலையில் போய் இரவே திரும்ப வசதியான நேரம் என்று கொடுக்கிறார்கள். மலிவு விலைக்குப் பெயர்பெற்ற இண்டிகோகூட 2024-இல் டெல்லி–மும்பை தடத்தில் பிசினஸ் வகுப்பு தொடங்கியது இதற்காகத்தான்.

அப்புறம், அடுத்தவர் எண்ணைப் போட்டால் அந்த பில் அவருடைய வரிக்கணக்கில் போய் நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் முன்கூட்டியே எடுக்கும் சாதாரண டிக்கெட்டே பெரும்பாலும் மலிவு.