போரா மிலுட்டினோவிச்: ஐந்து அணிகள் சரி, 'ஐந்தும் அடுத்த சுற்றுக்கு' தவறு

"ஐந்து நாடுகளுக்கு உலகக் கோப்பையில் பயிற்சியளித்த ஒரே மனிதர் போரா மிலுட்டினோவிச், ஐந்து அணிகளையும் முதல் சுற்றைத் தாண்ட வைத்தார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இதில் இரண்டு பிழைகள்.

செர்பியரான கால்பந்துப் பயிற்சியாளர் போரா உலகக் கோப்பையில் ஐந்து அணிகளுக்குப் பயிற்சியளித்தது உண்மை. மெக்சிகோ (1986), கோஸ்டாரிகா (1990), அமெரிக்கா (1994), நைஜீரியா (1998) ஆகிய நான்கும் முதல் சுற்றைத் தாண்டின. மெக்சிகோ காலிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில்தான் தோற்றது. முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த கோஸ்டாரிகா ஸ்காட்லாந்தையும் ஸ்வீடனையும் வீழ்த்தியது. என்னைக் கேட்டால் அவருடைய ஆகப்பெரிய சாதனை அதுதான்.

ஆனால் ஐந்தாவது அணியான சீனா 2002-இல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு கோல்கூட அடிக்கவில்லை, வாங்கியது ஒன்பது. அந்த அணியை முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதிபெற வைத்ததே பெரிய வேலை. அதற்கு மேல் இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

'ஒரே மனிதர்' என்பதும் சரியல்ல. பிரேசிலின் கார்லோஸ் ஆல்பர்ட்டோ பரெய்ராவும் குவைத், ஐக்கிய அரபு அமீரகம், பிரேசில், சவுதி அரேபியா, தென்னாப்பிரிக்கா என ஐந்து அணிகளுடன் உலகக் கோப்பைக்குச் சென்றவர். 1994-இல் கோப்பையையும் வென்றார்.

ஃபிஃபா இணையதளத்தில் ஒவ்வொரு உலகக் கோப்பையின் ஆட்ட முடிவுகளும் உள்ளன, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு பகிர வேண்டாம். அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.