கூட்டம் இல்லையாம், அதனால் பஸ் இல்லையாம்

"கூட்டமே இல்லைங்க, அதான் மத்தியான டிரிப்பை எடுத்துட்டோம்." எங்கள் ஊர் டவுன் பஸ் என்ன ஆயிற்று என்று டெப்போவில் போய்க் கேட்ட என் தம்பிக்குக் கிடைத்த பதில் இது. கூட்டம் எப்படி இருக்கும்? பாதி ஊர் இங்கே சிங்கப்பூரில், துவாஸிலும் உட்லண்ட்ஸிலும் அல்லவா வேலைக்கு வந்து கிடக்கிறது! பஸ் ஒழுங்காக வராததால் பையன்கள் பைக் வாங்கினார்கள், பைக் வந்ததும் பஸ்ஸில் ஏற ஆளில்லை, ஆளில்லை என்று ஒரு டிரிப்பை நிறுத்தினார்கள், அதை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் டவுனில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அப்புறம் மிச்சம் இருக்கிற தலைகளை எண்ணிவிட்டுக் கூட்டம் இல்லை என்றால் என்ன நியாயம்?

மிச்சம் இருப்பது யார்? பைக் ஓட்டத் தெரியாதவர்கள். என் அம்மா மாதிரி. அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை இலவசம், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இலவசம். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. காலை பஸ்ஸில் போய்விடலாம். சீட்டுப் போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்து வரிசையில் நின்று வெளியே வரும்போது மணி ஒன்று. அடுத்த பஸ் சாயங்காலம் ஆறரைக்கு. வேளைக்குச் சாப்பிட வேண்டிய சர்க்கரைக்காரி அதுவரை பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையா, ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய், "திரும்பி வரப்ப சவாரி கிடைக்காதும்மா" என்று மேலே ஐம்பது.

சரி, அரசாங்கக் கணக்கு என்ன சொல்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வசதிப் பட்டியல் உண்டு. பஸ் வருகிறதா, வராவிட்டால் எவ்வளவு தூரத்தில் என்று மூன்றே கட்டம்: 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, அதற்கு மேல். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதற்கெல்லாம் அந்தக் கட்டங்களில் இடமில்லை. ஏட்டுச் சுரைக்காய்! 2021 கணக்கெடுப்பும் நடக்கவில்லை, அடுத்தது 2027இல். சமவெளியில் 500 பேர் இருந்தால் கிராமச் சாலை என்று 2000இல் தொடங்கிய பிரதமர் திட்டத்தின் நாலாம் கட்டத்துக்குக்கூட 2024இல் அந்தப் பழைய 2011 தலைக்கணக்கைத்தான் எடுத்தார்கள். எங்கள் ஊருக்கு ரோடு வந்துவிட்டது, பளபளவென்று இருக்கிறது, நெல் காயவைக்க வசதி.

மினி பஸ் வரும் என்கிறார்கள். 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். ஓட்டப்போவது தனியார். கலெக்‌ஷன் இல்லாத தடத்தைக் கேட்டு எந்த முதலாளி வருவார்?

இங்கே சிங்கப்பூரில் தெங்கா என்கிற புது நகரில் 2023இல் ஆட்கள் குடியேற ஆரம்பித்தபோதே, பாதிக் கட்டடங்கள் எழும்பாதபோதே பஸ் விட்டுவிட்டார்கள். உடனே "சிங்கப்பூர் சின்னத் தீவு, அதோடு ஒப்பிடாதே" என்று வருவீர்கள், தெரியும். நான் என்ன எம்ஆர்டி ரயிலா கேட்டேன்? மத்தியானம் ஒரே ஒரு பஸ்.

எனக்கு இன்னும் எரிச்சல் இங்கே இருக்கிற நம்ம ஊர் ஆட்கள் மேல்தான். லிட்டில் இந்தியா தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, டீ குடித்து, கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ணினோம், கொடுத்தேன். ரோட்டு முக்கில் ஊர்ப் பெயர் போட்டு வளைவு கட்டினோம், அதற்கும் கொடுத்தேன். வளைவு ஜோராக நிற்கிறது, லைட்டெல்லாம் எரிகிறது, அதற்குள் நுழையத்தான் பஸ்ஸைக் காணோம். இப்போது வளைவுக்குப் பெயிண்ட் அடிக்கப் பணமாம்! தர மாட்டேன் அண்ணே. வருகிற கிராம சபையில் பஸ் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள், அந்த நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் யாராவது மனுக் கொடுத்து, அந்த ரசீதைக் குரூப்பில் போடட்டும். அப்புறம் பெயிண்ட் பற்றிப் பேசலாம்.